விண்கலத்தில் விசாரித்த மாப்பிள்ளை

வெம்பிளியில் நான் கூரை பிரித்துக் கட்டிய வீடுகளையெல்லாம் ஒரே வீதியில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வீதிக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டிவரும். படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே முழங்காலில் நின்றதுதான் அதிகம். ஜெர்மனியில் ஒரு கூரைக்காரனுக்கு ஓடு தூக்கிக் கொடுத்து, அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் களவெடுத்தேன். லண்டனுக்கு வந்து சொந்தமாகத் தொடங்கினேன். கூரைக்குக் கீழே கிடக்கிற வெற்றிடத்தை அறையாக்கிக் கொடுக்கிற வேலை. என்னிடம் வேலைக்கு நின்றவர்கள் இன்று தாங்களே ஆள் வைத்து நடத்துகிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மரத்தை விரலால் தட்டியே அது உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்கிற காது எனக்கு.

மனிதரையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். தட்டாமல் யாரையும் உள்ளே எடுத்ததில்லை.

அதனால்தான் என் கடைசி மகள் ஒருநாள் வந்து, இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சில் ஒரு ஓடு சரிந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிற பகுதியில் வேலை. அதே ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற மெஷின்களைத் திருத்துகிற வேலை அவனுக்கு. இந்தியாக்காரன், விருதுநகர்ப் பக்கம். தகப்பன் இல்லை. தாய் மட்டும் ஊரில்.

“அப்பா, நீங்கள் ஓம் எண்டால் செய்வன். வேண்டாம் எண்டால் விடுறன்,” என்றாள் மகள். “ஆனால் பேந்து எனக்கு வேறை ஆளைப் பாக்கிற கதை இருக்கக்கூடாது. அதோட முடிஞ்சுது.”

பிள்ளை கத்தியின் பிடியை என் பக்கம் நீட்டிவிட்டுத் தன் பாட்டில் வேலைக்குப் போய்விட்டாள்.

எங்கள் இலங்கை ஆட்களில் ஒரு கலியாணம் பேசுவதென்றால் முதலில் விசாரிப்பது. யாருடைய ஆள், எந்தக் கோயிலடி, தகப்பன் என்ன செய்தார், தாய் வழியில் யார் யார் என்று விசாரிப்பது. என் மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பேசியபோது பாரிசுக்கு ஒரு போன், டொராண்டோவுக்கு ஒரு போன். தேநீர் ஆறுவதற்குள் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் என் மேசைக்கு வந்துவிட்டது. இந்தப் பெடியனுக்கு யாரிடம் கேட்பது?

ஆர்ச்வே முருகன் கோயிலில், எல்லாரையும் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவரை மடைப்பள்ளிப் பக்கம் ஒதுக்கிக் கேட்டேன். “அண்ணை, விருதுநகரிலை எனக்கு ஆரைத் தெரியும்? நான் அந்தப் பக்கம் ரெயினிலைகூடப் போனதில்லை,” என்று சொல்லிவிட்டு மோதகத்தைக் கடித்தார். விம்பிள்டன் கோயிலுக்கும் போனேன். இந்தியத் தமிழர் என்று கண்டு ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “நாங்க கோயம்புத்தூர்ங்க,” என்று அவர் நகர்ந்துவிட்டார். ஒரு மனிதனைப் பற்றி லண்டன் முழுதும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றால், என் அனுபவத்தில் அவன் எதையோ விட்டு ஓடிவந்தவன்.

இதற்குள் இன்னொன்றும் காதில் விழுந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவன் மகளோடு எங்கும் போவதில்லையாம். கலியாணம் கட்டப்போகிற பெடியன், வேலையில்லாத நாள், பின்னேரம். எங்கே போகிறான்?

“எங்கையும் போறேல்லை அப்பா. ரொக்கெட் விடுறவர்.”

“எங்கை விடுறவர்? பார்க்கிலையோ?”

“கொம்பியூட்டரிலை. விண்வெளிக்கப்பல் கட்டி விடுற கேம்.”

பொய் என்றால் நல்ல பொய்யாகச் சொல்லக்கூடாதா என்று நினைத்தேன். உண்மை என்றாலோ அதைவிட மோசம். தலையில் நரை தட்டுகிற வயதில் சனிக்கிழமை முழுதும் விளையாடுகிற ஆளுக்கு நான் பெண் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னேன். என் கண்ணால் பார்க்க வேண்டும்.

வந்தான். மெலிந்த உடம்பு, கண்ணாடி. சப்பாத்தைக் கழற்றி அதன் மூக்கு வாசலைப் பார்க்கும்படி வைத்தான். இவன் போவதற்கு ஆயத்தமாகத்தான் வருகிறான் என்று அப்போதே குறித்துக்கொண்டேன். என் மனைவி தாயைப் பற்றிக் கேட்டாள். “அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி,” என்றான். கேள்வி முடிவதற்குள் வந்த பதில். உடனே வருகிற பதிலை நான் நம்புவதில்லை. கூரை எப்போது முடியும் என்று கேட்டால் உடனே பதில் சொல்கிறவன் ஒருநாளும் முடித்ததில்லை.

பிறகு சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து காட்டினான். நான் நினைத்ததுபோல் சுட்டு விளையாடுகிற விளையாட்டு அல்ல அது. முதலில் ஒரு பெரிய கொட்டகை. பக்கத்தில் சாமான்கள் அடுக்கியிருக்கும்: எரிபொருள் டாங்கி, எஞ்சின், கால், பரசூட், ஆட்கள் இருக்கிற கூடு. ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டியதை வெளியே கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். பாரம், காற்று, பூமி இழுக்கிற இழுவை எல்லாம் நிசத்தில் எப்படியோ அப்படியே. பிழையாகக் கட்டினால் கவிழும். கெஞ்சினாலும் கவிழும்.

அவன் ஒன்றை விட்டுக் காட்டினான். நேரே எழும்பியது. பிறகு மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஏன் சரியுது? நேரே மேலைதானே போக வேணும்?”

“நேரா மேல போனா நேரா கீழ விழுந்துரும் அங்கிள். பக்கவாட்டுல வேகம் வேணும். நாம விழ விழ, பூமியும் வளைஞ்சு கீழ போயிட்டே இருக்கும். அதான் சுத்துறது. விழுந்துக்கிட்டேதான் இருக்கோம், தரை மட்டும் வரல.”

அப்படி வாழ்கிற நாலு பேரை எனக்கு வெம்பிளியிலேயே தெரியும். ஆனால் பெடியன் சொன்னது உடனே விளங்கியது. எனக்கு விளங்காதபடி சொல்ல முயன்றானோ என்றும் பார்த்தேன். இல்லை.

அந்த மாரிக்குளிரில்தான் எனக்கு முழங்கால் ஆப்பரேஷன். ஏணியில் ஏறின மனிதன் சோபாவில் கிடந்தேன். அவனைக் கொண்டே அந்த விளையாட்டை என் கொம்பியூட்டரில் போடச் செய்தேன். இருவரும் சேர்ந்து ஒரே கப்பலைக் கட்டுவோம், அவன் தன் ஈஸ்ட்ஹாம் அறையில் இருந்து திறக்கலாம், நான் வெம்பிளியில் இருந்து திறக்கலாம், சனிக்கிழமைகளில் இங்கே வந்து பறக்கவிடலாம் என்று ஏற்பாடு. கேட்டவன் நான்தான். வீட்டில் எல்லாரும் கிழவனுக்கு நேரம் போகவில்லை என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும் நான் என்ன செய்கிறேன் என்று. ஒரு ஆளோடு சேர்ந்து ஒரு கூரை போட்டால் அவனுடைய வண்டவாளம் எல்லாம் தெரிந்துவிடும். ஆணியை எங்கே மிச்சம் பிடிக்கிறான், காணாத இடத்தில் எதை வைத்து அடைக்கிறான் என்று தெரியும். விசாரிக்க ஆளில்லாத மாப்பிள்ளையை நான் இப்படித்தான் விசாரிக்கப் புறப்பட்டேன்.

என் முதல் ரொக்கெட் ஏவுதளத்திலேயே விழுந்து படுத்தது. அடுத்ததில், எஞ்சின் கொளுத்துகிற அதே நொடியில் பரசூட்டும் விரிந்து, கப்பல் மணப்பெண் மாதிரி தலையில் முக்காட்டோடு நின்றது. குசினியில் இருந்து எட்டிப் பார்த்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “வரிசை மாறிருச்சு அங்கிள்,” என்று மட்டும் சொன்னான். இப்படி ஒரு காட்சியைக் கண்டு சிரிக்காத மனிதன் உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்குத் தூக்கமில்லை.

ஆனால் கப்பல் கட்டுகிற சூட்சுமத்தை நான் பிடித்துவிட்டேன். அந்த விளையாட்டில் பாடம் சொல்லித்தருகிற பகுதி ஒன்று இருக்கிறது. அதை நான் திறக்கவே இல்லை. கனத்தைக் கீழே வை, மேலே போகப் போக மெலிய விடு, முடிந்த டாங்கியைச் சுமக்காமல் கழற்றி எறி. வீடு கட்டினவனுக்கு இது சொல்லியா கொடுக்க வேண்டும்? ஊசியிலை மரங்களைத் தவிர மற்றவை துளிர்க்கத் தொடங்குவதற்குள் என் கப்பல் பூமியைச் சுற்றியது. பட்டம் பெற்றவர்கள் செய்கிற வேலை. என் மனைவியைக் கூப்பிட்டு யன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினேன். “அது கொம்பியூட்டருக்குள்ளைதானே சுத்துது,” என்றாள். அவளுக்கு விளங்காது.

அடுத்தது சந்திரன். கீழ்ப்பாதி, பூமியை விட்டுக் கிளப்புகிற பாகம், அவன் கட்டுவது. மேல்பாதி, சந்திரனில் இறங்குகிற பாகம், நான் கட்டுவது. உள்ளே மூன்று குட்டி மனிதர்கள் இருப்பார்கள். அவர்களைச் சந்திரனில் இறக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

என் பாகம் வடிவாக வந்தது. அளவுக்கு மிஞ்சி வடிவாக வந்ததுதான் எனக்குப் பயம். நாவூறு என்பது சும்மா இல்லை. குழந்தையின் கன்னத்தில் பொட்டு வைப்பதும், கட்டுகிற வீட்டில் பூசணிக்காய் தொங்கவிடுவதும் ஏன்? ஒரு குறை இருந்தால் கண் அதில் போய் முட்டி நின்றுவிடும். நான் போட்ட ஒவ்வொரு கூரையிலும், முகட்டுக்குக் கீழே ஒரு துண்டுப் பலகையைக் கறுப்படித்துக் கோணலாக அறைந்துவிடுவேன். வெள்ளைக்காரருக்கும் தெரியாது, குஜராத்திக்காரருக்கும் தெரியாது. என் ஆட்களில் ஒருவனும் கூரையில் இருந்து விழுந்ததில்லை. அதனால் கப்பலிலும், இறங்குகிற பாகத்தின் இடது விலாவில், ஒரு சின்னக் கறுத்தப் பெட்டியை ஒட்டிவிட்டேன். பற்றரிப் பெட்டி. அதற்கு ஒரு வேலையும் இல்லை. அவன் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுக் கேட்காதவர்களை நான் கவனிப்பேன்.

சனிக்கிழமை கிளம்பினோம். பூமியை விட்டு எழும்பும்வரை ஒரு குறையுமில்லை. சந்திரனுக்குக் கிட்டப் போய் இறங்கத் தொடங்க, கப்பல் ஒரு பக்கமாக இழுத்தது. எரிபொருள் குறையக் குறைய இழுவை கூடியது. நான் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. கடைசியில் சந்திரனில் விழுந்து குப்புறக் கிடந்தது. மூன்று குட்டி மனிதர்களும் உயிரோடு, ஆனால் எழும்ப வழியில்லாமல்.

“லேசா ஒரு பக்கம் இழுக்குது அங்கிள். பாத்துக்கலாம்,” என்றான்.

இந்தப் ‘பாத்துக்கலாம்’ என்ற சொல்லை வேலையைக் கொந்தறாத்துக்கு எடுக்கிற எத்தனை பேரின் வாயில் நான் கேட்டிருப்பேன். அடுத்த கிழமை அவன் தனியாக ஒரு கப்பல் கட்டி, போய், அந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். மகள் அவன் முகத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அடுத்த தரமும் அதே கதை. இழுத்தது, கவிழ்ந்தது, அவன் போய்க் காப்பாற்றினான்.

“விளங்குதோ உமக்கு?” என்று மனைவியைக் கேட்டேன். “என்ரை கப்பலை அவனே கவிழ்த்துப்போட்டு, பேந்து அவனே போய்க் காப்பாத்துறான். நல்ல பெயர் எடுக்கிற வழி.”

“இஞ்சை பாருங்கோ,” என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி. “நீங்கள் இந்தப் பெடியனுக்குப் பெம்பிளை குடுக்கப் பாக்கிறியளோ, இல்லை சந்திரனைக் குடுக்கப் பாக்கிறியளோ? பிள்ளை ஒரு பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.”

“விசாரிச்சு முடியேல்லை.”

“முடியிறதுக்குள்ளை அவளுக்கும் முழங்கால் ஆப்பரேஷன் வந்திடும்.”

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு அதிசயம். கப்பல் இழுக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி இறங்கி, சந்திரனில் நாலு காலும் பதிய நின்றது. மகள் கைதட்டினாள். மனைவி சீனி போட்டுத் தேநீர் கொண்டுவந்தாள், எனக்குச் சீனி கூடாது என்பதையும் மறந்து. நான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் ஒன்றையும் மாற்றவில்லை. தானாகத் திருந்திய கூரையை நான் கண்டதில்லை. திருந்தியிருந்தால் யாரோ ஏறியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போன பிறகு கப்பலைத் திறந்தேன். கொட்டகையில் ஒரு மூலையில் கப்பலின் எடை காட்டும். என் பாகத்தின் எடை எனக்கு மனப்பாடம். கூடியிருந்தது. என் கறுத்தப் பெட்டி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், வெளியே ஒன்றும் இல்லை. பிறகு சாமான் வைக்கிற அறையின் கதவைத் திறந்தேன். உள்ளே, வலது சுவரோடு அணைத்து, வேறொரு சின்னப் பெட்டி. வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இழுத்தது என் பெட்டிதான் என்று. கூரையில் அந்தளவு பலகைத்துண்டு ஒன்றும் செய்யாது, கூரை வீட்டோடு ஆணி அடித்து நிற்கிறது. வெறுமையில் மிதக்கிற கப்பலுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. சரி, அது ஒரு விசயம். ஆனால் அவன் அதைக் கண்டுபிடித்து, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், என் பாகத்துக்குள் கையை விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு உடம்பு சுட்டது.

உடனே கேட்கவில்லை. ஒருதரம் தற்செயலாகவும் நடக்கலாம். என் கறுத்தப் பெட்டியைக் கழற்றி, இடது விலாவில் இருந்து முன்பக்கத்துக்கு மாற்றி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன். அறைக்குள் இருந்த பெட்டியும் வலது சுவரை விட்டுப் பின்சுவருக்குப் போயிருந்தது. என்னோடு கூடவே நகர்ந்திருக்கிறான். பூனை மாதிரி, காலடிச் சத்தமே இல்லாமல்.

சனிக்கிழமை அவன் வந்து இருந்ததும் கப்பலைத் திறந்து, அறைக் கதவையும் திறந்து, அவன் பக்கம் திருப்பினேன். மகளும் மனைவியும் மேசையில் இருந்தார்கள்.

“தம்பி, இது ஆர் வைச்சது?”

“நான்தான் அங்கிள்.”

“என்ரை பாகத்திலை ஏன் கை வைச்சனீர்?”

“நீங்க வச்ச பெட்டிதான் இழுத்துச்சு. அது திருஷ்டிக்குன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. எங்க வீடு கட்டும்போதும் பூசணிக்காய் கட்டினாங்க. அதை எடுங்கன்னு உங்ககிட்ட சொல்ல மனசு வரல. எதிர்ப்பக்கம் அதே பாரத்துக்கு ஒண்ணு வச்சேன்.”

“வைச்சால் வெளியாலை வைக்கிறதுதானே. ஏன் உள்ளுக்கை ஒளிச்சனீர்?”

“வெளிய வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல ஆயிரும். அப்புறம் அது பொட்டு இல்லையே அங்கிள். அலங்காரம்.”

என் மனைவி முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. மகள் என்னைப் பார்த்து, இதைவிட என்ன வேண்டும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு காலத்தில் என் கறுத்தத் துண்டை எதற்கென்று கண்டுகொண்ட முதல் ஆள். வேறு யாரென்றாலும் அந்த இடத்தில் கையைப் பிடித்துக் குலுக்கிக் கலியாண நாளைப் பார்த்திருப்பார்கள்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. இவ்வளவு பதமாக, ஒருவருக்கும் நோகாமல் ஒளிக்கத் தெரிந்தவன் ஒரு இடத்தில் மட்டுமா ஒளிப்பான்?

“சரி தம்பி. இது போலை வேறை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?”

மனைவி “இஞ்சை பாருங்கோ” என்று என் கையைத் தட்டினாள். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தரம் பதில் உடனே வரவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்துத் திருப்பினான், திருப்பிக்கொண்டே இருந்தான்.

“அம்மாகிட்ட இன்னும் சொல்லல,” என்றான்.

மகள்தான் முதலில் கேட்டாள். “என்ன சொல்லேல்லை? என்னைப் பற்றி எதைச் சொல்லேல்லை?”

“எதையுமே.”

“உங்கடை அம்மாவுக்குச் சந்தோஷம் எண்டு சொன்னீங்கள். என்னட்டைச் சொன்னீங்கள். எங்கடை வீட்டாரிட்டைச் சொன்னீங்கள்.”

“அவங்க நூறு கேள்வி கேப்பாங்க. இங்க அங்கிள் என்ன சொல்வாருன்னும் தெரியாது. இங்க சரின்னதும் அங்க சொல்லலாம்னு. ரெண்டு பக்கமும் யாருக்கும் கஷ்டம் வராம...”

“அப்ப நானும் இந்தக் கப்பல்தான் என்ன,” என்றாள் மகள். சத்தமாகச் சொல்லவில்லை. எழும்பவும் இல்லை. என் பிள்ளை அழுதிருந்தால் நான் அவனை அப்போதே வாசலுக்கு அனுப்பியிருப்பேன்.

“போனை எடும்,” என்றேன். “ஸ்பீக்கரிலை போடும்.”

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அவன் சொன்னான். வளைக்காமல், நேராகச் சொன்னான், அதை நான் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பொண்ணு, ஒண்ணா வேலை பாக்கிறோம், உனக்குச் சம்மதம்னு இவங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

“இப்ப யார் வீட்டுல இருந்து பேசுற?”

“அவங்க வீட்டுலதான்மா.”

“பொண்ணோட அப்பா இருக்காரா? அவர்கிட்ட குடு.”

போனை என் பக்கம் தள்ளினான். வணக்கம் சொன்னேன். வணக்கத்துக்குப் பதில் வரவில்லை, கேள்விதான் வந்தது.

“நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

“கூரை வேலை, அம்மா.”

“கூலிக்கா, சொந்தமாவா?”

“சொந்தமா. வெம்பிளியிலை வந்து கேட்டால்...”

“குடிப்பீங்களா?”

என் மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். “கலியாண வீடுகளிலை,” என்றேன்.

“உங்களுக்குச் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு நான் கேக்கிறதுக்கு இந்தியாவுல யாராச்சும் இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்ல,” என்று திருப்பிச் சொன்னார், நான் எதையோ விட்டு ஓடிவந்தவன் என்கிற மாதிரி. “என் பையன்கிட்ட நீங்க என்னத்தப் பாத்தீங்க?”

“ரொக்கெட் கட்டுறதைப் பாத்தன்.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் டங்கென்று இறங்கியது. “நான் விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவேன்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மகன் செய்த வேலைக்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, காரியம் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆளோடு கதைத்தேன்.

அதற்குப் பிறகு மகள் அவனோடு கதைக்கவில்லை. வேலை முடிந்து வந்து நேரே மாடிக்குப் போய்விடுவாள். அவன் சனிக்கிழமைகளில் வந்தான். கப்பலைத் திறக்கவில்லை. முன்னறையில் கொஞ்சம் இருந்துவிட்டு, மாடிப்படியை ஒருதரம் பார்த்துவிட்டு, போய்விடுவான். மூன்றாம் சனிக்கிழமை மகள் இறங்கிவந்து, “பொய் இல்லாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கோ,” என்று கேட்டது குசினி வரைக்கும் கேட்டது. “பயமா இருந்துச்சு,” என்றான். அதற்கு மேல் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு பேரும் கொஞ்சம் சமாதானமாகிவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். சமாதானம் அவர்களுடையது. பதில் இன்னும் என்னிடம்தானே இருந்தது. நான் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலை, நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்காரர் போன் எடுத்தார். “அண்ணை, ஆரோ ஒரு இந்தியாக்காரர் கடையிலை நிண்டு உங்களைப் பற்றிக் கேக்கிறார். கடன்காரரோ எண்டு பாத்தன். என்ன குடும்பம், எப்படிப்பட்ட ஆக்கள் எண்டெல்லாம் கேக்கிறார்.”

“என்ன சொன்னனீர்?”

“நல்லதுதான் சொன்னனான். வாய் கொஞ்சம் கூட எண்டும் சொன்னனான்.”

அரை மணித்தியாலத்தில் கதவு மணி அடித்தது. என் வயதை ஒத்த ஒரு மனிதர், குடையோடு. குரோய்டனில் இருந்து ரெயின் மாறி மாறி வந்திருக்கிறார். பெடியனின் தாய்க்குத் தம்பி முறையாம். வழி தவறி வந்தேன் என்று ஒரு சாட்டும் சொல்லவில்லை. விசாரிக்கத்தான் வந்தேன் என்று நேரே சொன்னார். உள்ளே எடுத்து இருத்தினேன். அவர் சுவரைப் பார்த்தார், சாமிப்படத்தைப் பார்த்தார், எழும்பி நின்று கூரையின் மூலையையும் அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும். அது நான் போட்ட கூரை.

கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பிள்ளைகள், வேலை, ஜெர்மனி, எட்டாம் வகுப்பு எல்லாம். மனைவி வடையும் தேநீரும் வைத்துவிட்டு, குசினிக்குள் மகளோடு சத்தமில்லாமல் நின்றுகொண்டாள். அன்று மகளுக்கு லீவு.

அந்த மனிதர் வடையை முடித்து, கையைத் துடைத்து, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா என்னை அனுப்பிருச்சு. ஆனா பையனையே நான் டவுசர் போட்ட வயசுல பாத்தது. இங்க வந்த பிறகு அவன் யார் வீட்டுக்கும் வரதில்ல. இங்க அவனைத் தெரிஞ்சவங்கன்னு ஒருத்தரும் கிடைக்கல. நீங்க பழகியிருக்கீங்க.” குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “பையன் எப்படி?”

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொன்னால் காணும். சரியில்லை என்று சொல்லத் தேவையே இல்லை. எங்கள் ஆட்களில் ஒரு “ம்ம்” போதும், கலியாணம் நின்றுவிடும். நான் கேட்டுத் திரிந்த கேள்வி, ஆர்ச்வேயிலும் விம்பிள்டனிலும் பதில் கிடைக்காத கேள்வி, சுற்றி வந்து என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு என்னையே கேட்கிறது. லண்டனில் அந்தப் பெடியனை விசாரித்து அறிந்த ஒரே ஆள் நான்தான்.

“ஒளிப்பார்,” என்றேன்.

அவர் முகம் மாறியது.

“மற்றவைக்கு நோகக்கூடாது எண்டு ஒளிப்பார். அது நல்ல பழக்கம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் நேரே கேட்டால் சொல்லுவார். இரண்டாம் பொய் சொல்லமாட்டார், நான் பாத்திட்டன். அடுத்தவன் விழுந்து கிடந்தால் போய் எடுத்துக்கொண்டு வருவார், அதையும் பாத்திட்டன். கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். என்ரை மகள் கேப்பாள். என்னைவிட வடிவாக் கேப்பாள்.”

“அப்ப உங்களுக்குச் சம்மதம்னு அக்காகிட்ட சொல்லலாமா?”

குசினியில் இருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா?”

“விருந்தாளி இருக்கேக்கை உள்ளுக்கை நிண்டு கூப்பிடாதை, பிள்ளை,” என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். “சொல்லலாம். ஓம்.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அக்காவுக்கு ஒரு போன் போட வேண்டும், வெளியே போய் நின்று பேசிவிட்டு வரட்டுமா என்று கேட்டார். குளிராக இருக்கிறது, இங்கேயே இருந்து எடுங்கோ என்று கதிரையைக் காட்டினேன். என்னைப் பற்றி அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் கேட்க வேண்டுமே.